கோயில் தளத்துக்கு வரும் கோப்புகள்: எங்கே வைப்பது, எப்படித் திருப்பிக் கொடுப்பது

மொரீஷியஸின் ரோஸ்ஹில்லிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். அவருடைய கோயிலுக்குப் பிஎச்பி நிரல்மொழியில் ஒரு பதிவுத் தளம் எழுதுகிறார். தைப்பூசத்துக்குக் காவடி, பால்குடம் எடுப்பவர்கள் பெயர் கொடுத்து, அடையாள அட்டையின் படத்தையும் ஜூஸ் செயலியில் பணம் கட்டிய ஸ்கிரீன்ஷாட்டையும் ஏற்ற வேண்டும். மாலைத் தமிழ் வகுப்பில் சேரும் பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ் பிடிஎஃபாக வரும். "கோப்பின் வகை ஜேபெக், பிஎன்ஜி, பிடிஎஃப் என்று இருந்தால் மட்டும் வாங்கிக்கொள்கிறேன். எல்லாம் இணையத்தில் எவரும் தொடக்கூடிய பப்ளிக் ஃபோல்டருக்குள் அப்லோட்ஸ் என்ற இடத்தில் போய் உட்காருகிறது. இது போதுமா?" என்பது கேள்வி.

போதாது தம்பி. ஆனால் குறை நீங்கள் நினைக்கிற இடத்தில் இல்லை. இதைக் கேட்கிற எல்லாரும் "கோப்பை எப்படிச் சோதிப்பது?" என்றுதான் தொடங்குகிறார்கள். எபேனில் 11 வருடமாக இதே வேலையில் இருக்கிறேன். நான் முதலில் கேட்பது வேறு. அந்தக் கோப்பு எங்கே போய்ப் படுக்கிறது? கேட்டவருக்கு அதை யார் எடுத்துக் கொடுக்கிறார்கள்? இந்த இரண்டும் சரியாக இருந்தால் சோதனையில் ஓட்டை விழுந்தாலும் பிழைத்துக்கொள்ளலாம். இவை தப்பென்றால் சோதனை எவ்வளவு கெட்டியாக இருந்தும் பயனில்லை.

முதலில் உங்கள் சோதனையையே பார்ப்போம். 'வகை' என்று நீங்கள் படிக்கிற அந்த மதிப்பு எங்கிருந்து வருகிறது? பிரவுசர் அனுப்பும் கோரிக்கைக்குள்ளிருந்தே வருகிறது. சென்னையிலிருந்து போர்ட் லூயி துறைமுகத்துக்கு ஒரு பெட்டி வருகிறது, மேலே 'புடவை' என்று எழுதியிருக்கிறது என்று வையுங்கள். எழுதியவர் அனுப்பியவர்தானே? சுங்கத்தில் இருப்பவர் அதைப் படித்துவிட்டு 'சரி, போங்க' என்று விடுவாரா? கர்ல் (கட்டளை எழுதிக் கோரிக்கை அனுப்பும் கருவி) தெரிந்த எவரும் ஒரே வரிக் கட்டளையில் ஒரு பிஎச்பி கோப்பை ஜேபெக் படம் என்று எழுதி அனுப்பிவிடலாம். அந்த மதிப்பை நான் சர்வரின் பதிவேட்டில் (லாக்) எழுதி வைப்பதோடு சரி, அதை வைத்து எந்த முடிவும் எடுப்பதில்லை.

பெயரின் கடைசியில் இருக்கும் நீட்டிப்பைப் பார்ப்பது கொஞ்சம் மேல். அங்கேயும் 'இவை கூடாது' என்று பட்டியல் போட்டால் தோற்போம். டாட் பிஎச்பியைத் தடுத்தால் டாட் பிஎச்டிஎம்எல் வரும், டாட் ஃபார் வரும், எழுத்தைப் பெரிதாக்கி ஒன்று வரும். 'இவை மட்டும்' என்று மூன்றே மூன்றை வைத்துக்கொள்ளுங்கள். அப்பாச்சி என்ற வலைச் சர்வர் மென்பொருளில் இன்னொரு விஷமம் உண்டு. பிஎச்பியை இணைக்கும் வரியை ஆட்ஹேண்ட்லர் முறையில் எழுதியிருந்தால், பெயரில் எந்த இடத்தில் டாட் பிஎச்பி இருந்தாலும் அது நிரலாக ஓடும். 'படம் டாட் பிஎச்பி டாட் ஜேபிஜி' என்ற பெயர் கடைசி நீட்டிப்பைப் பார்க்கும் உங்கள் சோதனையில் தேறிவிடும், அப்புறம் சர்வரில் ஓடவும் செய்யும்.

அடுத்து உள்ளடக்கம். ஜேபெக் கோப்பு எஃப்எஃப் டி8 எஃப்எஃப் என்ற மூன்று பைட்டுகளோடு தொடங்கும். பிடிஎஃப் சதவீதக் குறியும் பிடிஎஃப் என்ற எழுத்துகளுமாகத் தொடங்கும். பிஎச்பியின் ஃபைல்இன்ஃபோ இதைப் பார்த்துத்தான் வகையைச் சொல்கிறது. இதைக் கட்டாயம் வையுங்கள், முழுதாக நம்பிவிடாதீர்கள். இன்றைக்கே ஒன்று செய்து பாருங்கள். நோட்பேடில் ஜிஐஎஃப்89ஏ என்ற ஆறு எழுத்தை ஆங்கிலத்தில் அடித்து, அடுத்த வரியில் தேதியைக் காட்டும் ஒரு பிஎச்பி வரியை எழுதிச் சேமியுங்கள். ஃபைல்இன்ஃபோவிடம் கேட்டால் ஜிஐஎஃப் படம் என்று சொல்லும். டாட் பிஎச்பி என்று பெயர் வைத்துத் திறந்தால் தேதி வந்து நிற்கும். உண்மையான ஜேபெக்கிலேயே குறிப்பு எழுதும் பகுதி ஒன்று உண்டு. அதற்குள் பிஎச்பி வரியை வைத்தால் படமும் சரியாகத் தெரியும், நிரலும் ஓடும். கோப்பு எதைப் போல இருக்கிறது என்று மட்டுமே சோதனை சொல்லும், வேறு எதுவாகவும் இல்லை என்று அதனால் சொல்ல முடியாது.

ஆக, இருப்பிடம். கெட்ட கோப்பு உங்கள் சர்வரில் ஓட வேண்டுமென்றால், அது உள்ளே வர வேண்டும், நிரலாக ஓடக்கூடிய இடத்தில் உட்கார வேண்டும், வெளியிலிருந்து ஒரு முகவரி மூலம் அதைத் தொட முடிய வேண்டும். உள்ளே வருவதை முழுக்கத் தடுக்க முடியாது, படிவத்தைத் திறந்து வைத்ததே வரட்டும் என்றுதானே. மற்ற இரண்டும் உங்கள் கையில் இருக்கின்றன. பப்ளிக் ஃபோல்டருக்கு முற்றிலும் வெளியே ஒரு ஃபோல்டர் போதும். எந்த முகவரியும் நேராக அங்கே போகக் கூடாது.

"பப்ளிக்கிலேயே வைத்துவிட்டு, நிரல் ஓடக்கூடாது என்று அப்பாச்சிக்கு அந்த ஃபோல்டரின் விதிகளைச் சொல்லும் ஒரு எச்டிஆக்சஸ் கோப்பு போட்டால் போதாதா?" என்று அடுத்துக் கேட்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். சில வருடம் முன்பு நான் இருந்த ஓர் அலுவலகத்தில் ஒரு வாடிக்கையாளரின் தளத்தை அப்பாச்சியிலிருந்து என்ஜின்எக்ஸ் என்ற இன்னொரு சர்வர் மென்பொருளுக்கு மாற்றினோம். எல்லாம் முன்பை விட வேகமாக ஓடியது, எல்லாருக்கும் சந்தோஷம். எச்டிஆக்சஸ் என்றால் என்னவென்றே என்ஜின்எக்ஸுக்குத் தெரியாது என்பது யாருக்கும் நினைவுக்கு வரவில்லை. பூட்டு இருந்த இடத்தில் பூட்டின் படம்தான் தொங்கிக்கொண்டிருந்தது. மூன்று வாரம் கழித்து, எங்கள் சர்வரிலிருந்து குப்பை மின்னஞ்சல் போகிறது என்று ஹோஸ்டிங் ஆட்கள் இணைப்பைத் துண்டித்தார்கள். பதிவேட்டைத் திறந்து பார்த்தால், விடியற்காலை மூன்று மணிக்கு அப்லோட்ஸ் ஃபோல்டரில் இருந்த ஒரு 'படத்துக்கு' வரிசையாகப் போஸ்ட் (தரவு அனுப்பும்) கோரிக்கைகள். படத்துக்கு யாராவது போஸ்ட் அனுப்புவார்களா? அந்த ஒரு வரியைப் பார்த்ததுமே எல்லாம் புரிந்துவிட்டது. மாற்றத்துக்கான சோதனைப் பட்டியலை எழுதியவன் நான்தான்.

இது எங்களுக்கு மட்டும் நடந்ததில்லை. ப்ளூஇம்ப்பின் ஜேக்வரி ஃபைல் அப்லோட் என்ற செருகுநிரல் உலகம் முழுக்கப் புழங்கியது. 2018 அக்டோபரில் அகமாய் நிறுவனத்தின் லாரி காஷ்டாலர் அதிலிருந்த ஓட்டையை வெளியிட்டார். காரணம் இதே கதை. அதன் பாதுகாப்பு எச்டிஆக்சஸை நம்பியிருந்தது. அப்பாச்சியோ 2.3.9 பதிப்பிலிருந்து, நிர்வாகி தனியாகச் சொன்னாலொழிய அந்தக் கோப்பைப் படிப்பதில்லை என்று மாறிவிட்டிருந்தது. நிரலில் ஒரு வரியும் மாறவில்லை, காலடியில் இருந்த தரை மாறிவிட்டது.

அந்த ஃபோல்டரை நோஎக்ஸிக் என்று, அதாவது அதிலிருந்து எதையும் நேராக ஓட்டக் கூடாது என்று மவுண்ட் பண்ணினால் போதும் என்றும் சிலர் சொல்வார்கள். பிஎச்பிக்கு அது உதவாது. ஓடுவது பிஎச்பியின் நிரல்மொழிபெயர்ப்பி. உங்கள் கோப்பை அது வெறுமனே படிக்கிறது, படிப்பதை நோஎக்ஸிக் தடுப்பதில்லை. போட்டு வைப்பதில் தப்பில்லை, போட்டுவிட்டோம் என்று நிம்மதியாகத் தூங்காதீர்கள்.

சரி, கோப்பு வெளியே போய்விட்டது. கோயில் அலுவலகத்தில் இருக்கும் அம்மா அதைப் பார்க்க வேண்டுமே? அதற்கு உங்கள் நிரலில் ஒரு பக்கம். அது முதலில் உள்நுழைந்திருப்பவர் யார் என்று பார்க்கும், தரவுத்தளத்தில் அந்தக் கோப்பின் வரியை எடுக்கும், இவருக்கு இதைப் பார்க்க உரிமை உண்டா என்று கேட்கும். உண்டு என்றால்தான் கொடுக்கும். பெரிய கோப்பை பிஎச்பியே படித்துத் தள்ள வேண்டாம். என்ஜின்எக்ஸில் எக்ஸ்-ஆக்சல்-ரீடைரக்ட் என்ற தலைப்பை (ஹெடர்) அனுப்பினால், உரிமையை நீங்கள் பார்த்துக்கொள்வீர்கள், தூக்கிக் கொடுக்கும் வேலையை அது பார்த்துக்கொள்ளும். வெளி ஆட்கள் தொட முடியாதபடி என்ஜின்எக்ஸ் அமைப்பில் அந்த ஃபோல்டருக்கான லொகேஷனை இன்டெர்னல் என்று குறியுங்கள்.

உரிமை பார்ப்பதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் கோயில் தளம் மாதிரி இடங்களில் நிஜமாக நடக்கப்போவது இதுதான். பக்தர் தான் ஏற்றியதைத் திரும்பப் பார்க்க ஒரு பக்கம் வைத்திருப்பீர்கள். முகவரியின் கடைசியில் 417 என்று இருக்கும். வீட்டில் சும்மா இருக்கிற ஒரு பையன் அதை 418 ஆக்குவான். பக்கத்துத் தெரு அக்காவின் அடையாள அட்டை, முகவரியும் பிறந்த தேதியுமாக முகத்தோடு வந்து நிற்கும். இதற்கு ஹேக்கர் தேவையில்லை, விரல் போதும். எண்ணுக்குப் பதிலாக 16 பைட் சீரற்ற மதிப்பை அடையாளமாக வையுங்கள். ஆனால் அதையே பூட்டாக நினைக்காதீர்கள். அந்த முகவரி வாட்ஸ்அப் குழுவுக்குப் போய்விட்டால் சீரற்ற மதிப்பும் சேர்ந்தே போகும். ஒவ்வொரு முறையும் உரிமையைக் கேளுங்கள்.

கொடுக்கும்போது மூன்று தலைப்புகள். வகையை நீங்களே, உங்கள் சோதனை சொன்னபடி எழுதுங்கள். 'நோஸ்னிஃப்' போடுங்கள், அப்போதுதான் பிரவுசர் தானாக மோப்பம் பிடித்து, படம் என்று சொன்னதை எச்டிஎம்எல்லாக எடுத்துக்கொள்ளாது. கன்டென்ட்-டிஸ்பொசிஷனில் 'அட்டாச்மென்ட்' போட்டால் கோப்பு திறக்காமல் இறங்கும். எதற்கு இவ்வளவு? ஒருவன் எஸ்விஜி படத்தை ஏற்றுகிறான் என்று வையுங்கள். எஸ்விஜி உண்மையில் எக்ஸ்எம்எல். அதற்குள் ஜாவாஸ்கிரிப்ட் இருக்கலாம். அலுவலகத்து அம்மா அதைத் தனிப் பக்கமாகத் திறந்தால், அந்த ஸ்கிரிப்ட் உங்கள் தளத்தின் பெயரில், அவருடைய நிர்வாகி உரிமையோடு ஓடும். சர்வரைத் தொடாமலே பதிவு முழுவதையும் அள்ளிக்கொண்டு போகலாம். கூகுள் பயனர்களின் கோப்புகளைக் கூகுள்யூசர்கன்டென்ட் என்ற தனி டொமைனிலிருந்து கொடுப்பது இதற்காகத்தான். உங்களுக்கு அவ்வளவு வேண்டாம். எஸ்விஜியை வாங்காமல் இருந்தாலே போதும்.

கோப்பின் பெயர். வந்த பெயரில் சேமிக்காதீர்கள். இரண்டு புள்ளியும் சாய்கோடும் வைத்து ஃபோல்டர் தாண்டுகிற பழைய வித்தை ஒரு காரணம். நம் ஊருக்கென்றே வேறு காரணங்களும் இருக்கின்றன. 'பிறப்புச் சான்றிதழ்' என்ற பெயர் கண்ணுக்குப் பத்து எழுத்து. எழுத்துகளைச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் மூன்று பைட், புள்ளியும் கொம்பும் தனித்தனிக் குறி, நடுவில் இடைவெளிக்கு ஒன்று, ஆக மொத்தம் 55 பைட். லினக்ஸின் ஈஎக்ஸ்டி4இல் ஒரு பெயருக்கு 255 பைட்தான் இடம். ஆர்வமான ஓர் அப்பா பிள்ளையின் முழுப்பெயர், வகுப்பு, வருடம் எல்லாவற்றையும் தமிழில் எழுதினால் நிறைந்துவிடும். அப்புறம் 'கோயில்' என்ற சொல்லில் இருக்கும் 'கோ'வை எடுங்கள். ஓகாரக் குறியை ஒரே குறியாகவும் எழுதலாம், ஏகாரக் கொம்பு, கால் என்று இரண்டாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றுதான், லினக்ஸுக்கு அவை வெவ்வேறு கோப்பு. பிரெஞ்சுப் பெயர்களில் வரும் மேற்குறியிட்ட எழுத்துகளுக்கும் இதே தொல்லை, குறிப்பாக மேக்கிலிருந்து வந்தால். சேமிக்கும் பெயரை நீங்களே சீரற்ற முறையில் உண்டாக்குங்கள், நீட்டிப்பையும் நீங்களே வையுங்கள். வந்த பெயரைத் தரவுத்தளத்தில் வெறும் எழுத்தாக வைத்துக்கொண்டு, திரையில் காட்டும்போது எஸ்கேப் செய்து (எச்டிஎம்எல் குறிகளை வெறும் எழுத்தாக்கி) காட்டுங்கள்.

அளவு. பிஎச்பியில் கோப்புக்கு இயல்பு வரம்பு 2 எம்பி, மொத்தக் கோரிக்கைக்கு 8 எம்பி. என்ஜின்எக்ஸின் இயல்பு வரம்பு 1 எம்பிதான். போனில் எடுத்த படம் பெரும்பாலும் இதைத் தாண்டும், ஆகவே மூன்றையும் சேர்த்து உயர்த்த வேண்டும். மொத்த வரம்பைத் தாண்டினால் பிஎச்பி ஓர் எச்சரிக்கையோடு விட்டுவிடும், உங்கள் நிரலை நிறுத்தாது; படிவத் தரவைத் தாங்கும் போஸ்ட்டும் ஃபைல்ஸும் காலியாக வந்து நிற்கும். படிவம் உங்கள் தளத்திலிருந்தே வந்தது என்று காட்டும் சிஎஸ்ஆர்எஃப் டோக்கனும் அதோடு காணாமல் போவதால் 'உங்கள் நேரம் முடிந்துவிட்டது' என்று தளம் சொல்லும், பக்தர் மறுபடி மறுபடி அழுத்துவார். இதைத் தேடி நான் அரை நாள் தொலைத்திருக்கிறேன்.

பைட் அளவு மட்டும் பார்த்தால் போதாது. 20,000க்கு 20,000 பிக்சல் உள்ள, ஒரே நிறத்தில் ஒரு பிஎன்ஜி 2 எம்பிக்குள் அடங்கிவிடும். அதைத் திறந்தால் 40 கோடி பிக்சல், ஒவ்வொன்றுக்கும் நான்கு பைட், ஆக 1.6 ஜிபி நினைவகம். சின்ன விபிஎஸ் (வாடகை சர்வர்) என்றால் அங்கேயே மூச்சு நின்றுவிடும். படத்தைத் திறக்கும் முன் தலைப்புப் பகுதியிலிருந்து நீள அகலத்தைப் படித்து, பெரிதாக இருந்தால் திருப்பி அனுப்புங்கள்.

படத்தைத் திறந்து புதிதாக எழுதிச் சேமிப்பதைப் பற்றியும் சொல்ல வேண்டும். பிஎச்பியின் ஜிடி பட நூலகத்தால் ஜேபெக்கைப் படித்து, புது ஜேபெக்காக எழுதினால் குறிப்புப் பகுதியில் ஒளிந்தவை பெரும்பாலும் உதிர்ந்துவிடும். வீட்டு மேசையில் வைத்து எடுத்த படத்தில் ஜிபிஎஸ் இருந்தால் அதுவும் போய்விடும். திசைக் குறிப்பும் அதோடு போகும் என்பதால், முதலில் அதைப் படித்துப் படத்தைச் சுழற்றிவிட்டு அப்புறம் எழுதுங்கள். இல்லாவிட்டால் அட்டைகள் எல்லாம் பக்கவாட்டில் படுத்திருக்கும்.

ஆனால் படத்தைத் திறக்கும் மென்பொருளும் ஒரு வாசல்தான். 2016 மே மாதம் இமேஜ்ட்ராஜிக் என்று பெயர் பெற்ற ஓட்டை வந்தது. படங்களை மாற்றும் இமேஜ்மேஜிக் என்ற மென்பொருள், கோப்பின் நீட்டிப்பைப் பார்க்காமல் உள்ளே இருப்பதைப் பார்த்து வகையை முடிவு செய்ததால், ஜேபெக் பெயரில் வந்த ஒரு வரைகட்டளைக் கோப்பு சர்வரில் ஷெல் கட்டளையை ஓட்டியது. 2021இல் நிரல்களைச் சேமிக்கும் தளமான கிட்லாபிலும் ஏறக்குறைய இதேதான். நீட்டிப்பைப் பார்த்துப் படம் என்று உள்ளே விட்டதை படக் குறிப்புகளைப் படிக்கும் எக்சிஃப்டூல் என்ற கருவி, டேஜாவூ என்ற ஆவண வடிவக் கோப்பாக அடையாளம் கண்டு திறந்தது, அந்தப் பகுதியில் ஓட்டை இருந்தது. காவல்காரர் ஒன்றாகப் பார்க்கிறார், உள்ளே இருப்பவர் வேறாகப் பார்க்கிறார். அமெரிக்கக் கடன் தகவல் நிறுவனமான எக்விஃபாக்ஸில் 2017இல் 14 கோடிக்கும் அதிகமானவர்களின் தகவல் போனதற்குக் காரணம் ஸ்ட்ரட்ஸ் என்ற ஜாவா வலைத்தள நூலகத்தின் ஓட்டை; அதற்குக் கோப்பே தேவைப்படவில்லை. கோப்பு ஏற்றத்தைப் பிரித்துப் படிக்கும் பகுதியில், வகைத் தலைப்பில் எழுதியதே ஓடியது. அதனால் நூலகங்களை உடனுக்குடன் புதுப்பியுங்கள். தேவையில்லாத வடிவங்களை அணைத்துவிடுங்கள். முடிந்தால் இந்த வேலையைத் தரவுத்தளக் கடவுச்சொல் இல்லாத, வலைத் தொடர்பு இல்லாத ஒரு தனி கன்டெய்னரில் (சர்வருக்குள் பிரித்து வைத்த சூழல்) செய்யுங்கள்.

பிடிஎஃப் வேறு ஜாதி. படத்தைப் போல எளிதாகப் புதிதாக எழுத முடியாது. அதற்குள் ஸ்கிரிப்ட் இருக்கலாம், இன்னொரு கோப்பே ஒட்டியிருக்கலாம். சர்வரில் அதைத் திறக்காதீர்கள், அட்டாச்மென்ட்டாக மட்டும் கொடுங்கள். கிளாம்ஏவி மாதிரி வைரஸ் சோதனை வையுங்கள். தெரிந்த வைரஸைப் பிடிக்கும், உங்களுக்கென்று எழுதிய பிஎச்பி வரியைப் பிடிக்காது. ஜிப் வேண்டாம், பேச்சே வேண்டாம்.

இனி, நீங்கள் கேட்காத ஒன்று. அடையாள அட்டையின் படம் எதற்கு? காவடி எடுப்பவர் விரதத் தொடக்கத்தில் எப்படியும் கோயிலுக்கு வருவார். அப்போது அட்டையைக் கண்ணால் பார்த்து ஒரு டிக் போட்டால் முடிந்தது. ஸ்கிரீன்ஷாட்டும் அப்படித்தான். படத்தைத் திருத்தப் பத்து நிமிடம் போதும், அது பணம் வந்ததற்குச் சாட்சி இல்லை. பரிவர்த்தனை எண்ணை எழுத்தாக வாங்கி வங்கிக் கணக்கோடு ஒப்பிடுவதுதான் சாட்சி. இரண்டு ஏற்றப் பெட்டிகளை எடுத்துவிட்டால் உங்கள் தலைவலியில் முக்கால்வாசி குறையும். கமிட்டிப் பெரியவர்கள் "போன வருடம் பேப்பரில் வாங்கினோமே" என்பார்கள். மொரீஷியஸின் 2017ஆம் வருடத் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தைப் பக்குவமாக எடுத்துச் சொல்லுங்கள். தேவைக்கு மேல் சேர்க்கக் கூடாது, தேவை முடிந்ததும் அழிக்க வேண்டும், தரவு கசிந்தால் முடிந்தவரை 72 மணி நேரத்துக்குள் ஆணையருக்குத் தெரிவிக்க வேண்டும். அந்தக் கடிதத்தில் யார் கையெழுத்துப் போடுவது என்று மெதுவாகக் கேளுங்கள், விஷயம் அங்கேயே முடிந்துவிடும்.

மிச்சம் பிறப்புச் சான்றிதழ் மட்டும். சேர்க்கை முடிந்து 30 நாளில் தானாக அழிக்கும் ஒரு கிரான் வேலை போடுங்கள்; பேக்கப்பில் இருப்பதும் அழிகிறதா என்று பாருங்கள், அங்கேதான் எல்லாரும் மறப்பார்கள்.

திறந்துவிடும் முன் உங்கள் சோதனைத் தளத்தில் நான்கு கோப்பை ஏற்றிப் பாருங்கள். மேலே சொன்ன ஜிஐஎஃப்89ஏ கோப்பு, நீட்டிப்பு ஜேபிஜியாக மாற்றிய ஒரு எஸ்விஜி, வைரஸ் சோதனைக்கென்றே உள்ள 68 பைட் ஐகார் கோப்பு, 9 எம்பியில் ஒரு நல்ல படம். அப்புறம் வேறொரு பெயரில் உள்நுழைந்து, முதல் ஆளின் கோப்பு முகவரியை அப்படியே ஒட்டிப் பாருங்கள். எதிலாவது தடுமாறினால் என்ஜின்எக்ஸ் அமைப்புக் கோப்பையும் ஏற்றம் எழுதிய அந்த ஒரு பிஎச்பி கோப்பையும் அனுப்புங்கள், சனிக்கிழமை பார்க்கிறேன். கடவுச்சொற்களை எடுத்துவிட்டு அனுப்புங்கள்.